உள்ளூர் மாடு விலைபோகாது: ஜாஸ் கலைஞர்களின் கச்சேரித் தட்டுப்பாடு

ஜாஸ் வாசிக்கும் ஒருவர் ஏதோ ஒரு கிளப்புக்கோ மதுக்கூடத்துக்கோ போன் போட்டு வாய்ப்புக் கேட்கிறார். "என்ன வாசிப்பீர்கள்?" என்று அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கேட்பதில்லை. "எத்தனை பேரைக் கூட்டி வருவீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. இருபது வருடம் சாக்ஸபோனில் சாதகம் செய்தவர் அந்த நிமிடமே ஆள் சேர்க்கும் தரகராகிவிடுகிறார்.

கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் விற்பது பானமும் சாப்பாடும். இசை அவருடைய கணக்கில் செலவுப் பக்கத்தில் இருக்கிறது. அன்றிரவு வாசிப்பு எவ்வளவு அற்புதமாக இருந்தாலும், கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த ரசிகர் இரண்டு மணி நேரமும் ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கு நட்டம்தான். ஜாஸ் ரசிகர்களிடம் அந்தப் பழக்கம் உண்டு என்பதை ஜாஸ் ரசிகர்களே ஒப்புக்கொள்வார்கள்.

"ஜாஸுக்கு ஆள் வருவதில்லை, அதனால் வாய்ப்பில்லை" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கம். ரசிகர் கூட்டம் சிறியது என்பது உண்மைதான். அந்த இசை பிறந்த அமெரிக்காவிலேயே மொத்த இசை விற்பனையில் அதன் பங்கு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் கூட்டம் அலைமோதிய காலத்திலும் ஜாஸ் கலைஞர்கள் வேலை தேடி அலைந்திருக்கிறார்கள். ரசனை ஒரு காரணம் மட்டுமே. அறையின் கணக்கு, சட்டம், வரி, கல்லூரி, பழக்கவழக்கம் எல்லாம் சேர்ந்து போட்ட முடிச்சு இது.

முதலில் அறையின் கணக்கு. நாற்பது பேர் உட்காரும் இடம். வாசல் வசூலில் 70 சதவீதம் இசைக்குழுவுக்கு, மீதி இடத்துக்காரருக்கு என்று ஒப்பந்தம் என வைத்துக்கொள்வோம். வாரநாள் இரவில் 25 பேர் வந்தால் அதுவே நல்ல கூட்டம். குழுவின் பங்கு பதினேழரை டிக்கெட். அதை நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு நான்கு டிக்கெட் காசும் சில்லறையும். அதற்காக டிரம்ஸ் வாசிப்பவர் தன் டிரம்களையும் சிம்பல்களையும் வண்டியில் ஏற்றி இறக்கியிருக்கிறார், டபுள் பாஸ்காரர் தன் உயரத்துக்கும் மேலான ஒரு பெட்டியைச் சுமந்து வந்திருக்கிறார். பியானோ வாசிப்பவர் பாடு இன்னும் மோசம். பெரும்பாலான இடங்களில் பியானோ இருக்காது. இருந்தாலும் சுருதி சேர்த்துப் பல காலம் ஆகியிருக்கும். அவர் கீபோர்டோடு வருகிறார், தான் பயின்ற வாத்தியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாசிக்கப் பழகிவிட்டார்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பொருளாதார விதி இருக்கிறது. வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு பொருளியலாளர்கள் 1966இல் அதை விளக்கினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்ததும் அதே ஆட்கள் பத்து மடங்கு பொருள் செய்கிறார்கள். அதற்கேற்பக் கூலியும் உயர்கிறது. இசையில் அது நடப்பதில்லை. நான்கு பேர் நாற்பது நிமிடம் வாசிக்க வேண்டியதை இரண்டு பேர் இருபது நிமிடத்தில் முடித்துத் தர முடியாது. நூறு வருடத்துக்கு முன்பு எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேவைப்பட்டதோ இன்றும் அவ்வளவே தேவை. வாடகை, மின்சாரம், வண்டிக் கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போக, வாசிப்பின் 'உற்பத்தித் திறன்' இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த இடைவெளியை யாராவது தன் கையிலிருந்து போட்டுத்தான் நிரப்ப வேண்டும். புகழ்பெற்ற ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் தன் பெரிய குழுவைப் பல ஆண்டுகள் கட்டிக் காத்தது, தான் இயற்றிய பாடல்களுக்கு வந்த உரிமைத்தொகையை அதில் போட்டுத்தான். அவருக்கு அந்த வருமானம் இருந்தது. நம் உள்ளூர் டிரம்பெட்காரருக்கு இருப்பது மாணவர்களின் வகுப்புக் கட்டணம்.

சரி, ஒரு காலத்தில் இந்த வேலை எங்கிருந்து வந்தது? 1920களிலும் 30களிலும் ஜாஸ் ஆடுவதற்கான இசை. நடன அரங்கம், ஓட்டல், கப்பல், வானொலி நிலையம், மௌனப்படம் ஓடும் திரையரங்கு என எங்கும் சம்பளத்துக்கு இசைக்கலைஞர்கள் தேவைப்பட்டார்கள். 1927க்குப் பிறகு பேசும் படம் வந்தது. திரையரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் சில ஆண்டுகளுக்குள் வேலை இழந்தார்கள். அடுத்து இசைத்தட்டும், காசு போட்டால் இசைத்தட்டைப் பாட வைக்கும் ஜூக்பாக்ஸும். தாங்கள் பதிவு செய்த பாட்டே தங்கள் வேலையைப் பறிக்கிறது என்று கொதித்த அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. முக்கியமான நிறுவனங்களுடன் முழு உடன்பாடு வர 1944 நவம்பர் ஆனது. அதற்குள் ஒரு வேடிக்கை நடந்தது. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. வாத்தியக்காரர்கள் வெளியே நின்ற நேரத்தில் பாடகர்கள் கோரஸ் குரல்களை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பதிவு செய்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் மக்கள் பேண்டின் பெயரை விட்டுவிட்டுப் பாடகரின் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

அதே 1944இல் அமெரிக்க அரசு கேபரே வரியை 30 சதவீதமாக உயர்த்தியது. கூச்சல் கிளம்பியதும் சில மாதங்களில் 20ஆகக் குறைத்தது. ஆட்டமோ பாட்டோ இருக்கும் இடத்தில் வாடிக்கையாளரின் பில் மீது இந்த வரி விழும். வெறும் வாத்திய இசை என்றால் இல்லை. நடன மேடையை மூடிவிட்டு, நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவை வாசிக்க வைத்து, மக்களை உட்கார்ந்து கேட்கச் சொல்வது முதலாளிகளுக்கு லாபமாயிற்று. ஆடுவதற்கு அல்லாமல் கேட்பதற்கென்றே உருவான வேகமான ஜாஸ் பாணியான பீபாப் வளர்ந்ததற்கு இசைக்குள்ளேயே காரணங்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜாஸ் ஆடுமிடத்திலிருந்து உட்காருமிடத்துக்குப் போனதில் வரித்துறைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்த இடமாற்றத்தின் விலையை இன்றைய கலைஞர் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆட வருபவர் பலர், உட்கார்ந்து கவனித்துக் கேட்க வருபவர் சிலர்.

சட்டம் இன்னும் நேரடியாகவும் கை வைத்தது. இசையும் நடனமும் நடக்கும் உணவகங்களுக்கு உரிமம் கேட்ட நியூயார்க்கின் கேபரே சட்டம் 1926இல் வந்தது. பின்னாளில் அதில் சேர்ந்த ஒரு விதிவிலக்கின்படி, உரிமம் இல்லாத உணவகத்தில் மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது. அந்த மூவரும் விசைப்பலகை, தந்தி வாத்தியங்கள் மட்டுமே வாசிக்கலாம். டிரம்ஸ், சாக்ஸபோன், டிரம்பெட் எதுவும் ஆகாது. ஜாஸுக்கு எதிராகவே உட்கார்ந்து எழுதியது போன்ற விதி. நீதிமன்றம் இதை உடைக்க 1980களின் இறுதி வரை ஆனது. சட்டமே முழுமையாக நீங்கியது 2017இல்தான். அதோடு 1940 முதல் 1967 வரை, மது பரிமாறும் இடத்தில் வாசிக்க ஒவ்வொரு கலைஞரும் காவல்துறையிடம் ஓர் அட்டை வாங்கி வைத்திருக்க வேண்டும். பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951இல் அந்த அட்டையை இழந்தார். அது திரும்பக் கிடைத்து 1957இல் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசிக்க உட்காரும் வரை, தன் சொந்த ஊரின் கிளப்புகளில் அவரால் முறையாக வாசிக்க முடியவில்லை. ஆறு வருடம்! அந்த நூற்றாண்டின் தலைசிறந்த பியானோக்காரர்களில் ஒருவருக்கு உள்ளூரில் வேலை இல்லை. காரணம் ஓர் அட்டை.

பிரிட்டனில் 'பாரில் இரண்டு பேர்' விதி இருந்தது. தனி உரிமம் இல்லாவிட்டால் பப்பில் இரண்டு கலைஞர்களுக்கு மேல் வாசிக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டு, ஒருவர் வாசித்தாலும் உரிமம் வேண்டும் என்றாக்கியது. அதே பப்பில் பெரிய திரையில் கால்பந்து ஒளிபரப்ப அந்த உரிமம் தேவைப்படவில்லை. சிறிய அரங்குகளுக்கு ஓரளவு மூச்சு கிடைத்தது 2012ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டத்தால். இன்று பல நகரங்களில் தலைவலி வேறு வடிவத்தில் இருக்கிறது: இசை நடக்கும் தெருவில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுகிறது, புதிதாகக் குடிவந்தவர் சத்தம் என்று புகார் கொடுக்கிறார், பழைய கிளப் மூடுகிறது. பிறகு வந்து கட்டியவரே ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இல் கொண்டுவந்தது. இங்கிலாந்து 2018இல் தன் திட்டமிடல் நெறிகளில் சேர்த்தது.

இனி இசைக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் சிக்கலுக்கு வருவோம். வெளியாட்கள் அதிகம் கவனிக்காத இடம் இது.

ஜாஸ் கல்லூரிக்குள் போனது 1940களில். பாஸ்டனில் பின்னாளில் பெர்க்லீ என்று பெயர் பெற்ற பள்ளி 1945இல் தொடங்கியது. வடக்கு டெக்சாஸ் கல்லூரி 1947இல் ஜாஸுக்கான முதல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இன்று அத்தகைய படிப்புகள் உலகெங்கும் இருக்கின்றன. வேலை சுருங்கச் சுருங்க, அந்த வேலைக்குத் தயாராகி வருபவர்கள் பெருகிய விசித்திரம் இது. இதில் கல்லூரிகள் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. கச்சேரியை நம்பிப் பிழைக்க முடியாத பெரிய கலைஞர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கொடுப்பவை அவைதான். ஆனால் அங்கே ஒரு சுழல் உண்டாகிறது. கச்சேரி இல்லாததால் ஆசிரியர் பாடம் நடத்துகிறார். பாடம் நடத்துவதால் ஒவ்வொரு ஆண்டும் கச்சேரி தேடும் புதிய ஆட்கள் வெளியே வருகிறார்கள். அவர்களில் சிலர் அனுபவத்துக்காக இலவசமாகவே வாசிக்கத் தயார். நேற்றுவரை காசு கொடுத்த இடத்துக்காரர் அதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

அடுத்தது ஆட்களின் விகிதம். எல்லாக் குழுவுக்கும் ஒரு பாஸ்காரர் வேண்டும், ஒரு டிரம்ஸ்காரர் வேண்டும். ஆனால் குழுவைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாடகர்கள், சாக்ஸபோன்காரர்கள், கிதார்காரர்கள், பியானோக்காரர்கள். இதனால் ஒரு ஊரில் நன்றாக வாசிக்கும் நான்கைந்து பாஸ்காரர்கள் பதினைந்து குழுக்களில் இருப்பார்கள். அவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, தூக்கத்துக்குத்தான் பஞ்சம். மற்றவர்களுக்கு அது எப்படி முடிகிறது என்று பாருங்கள். பதினைந்து குழுவில் இருப்பவரை ஒத்திகைக்குக் கூப்பிட முடியாது. நான்கு டிக்கெட் காசுக்கு ஒத்திகைக்கும் சேர்த்து வா என்று கேட்கவும் வாய் வராது. அதனால் ஒத்திகை இல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்த 'ஸ்டாண்டர்டு' எனப்படும் பழைய பாட்டுகளை வாசிக்கிறார்கள். மேடைக்கு ஏறும்போதுதான் எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்று முடிவாகிறது. திறமை இருப்பதால் அதுவும் நன்றாகவே வந்துவிடுகிறது. ஆனால் ஊரிலுள்ள எல்லாக் குழுக்களும் அதே பாஸ்காரரோடு, அதே பாட்டுகளை, அதே வரிசையில் (முதலில் மெட்டு, பிறகு ஆளுக்கொரு சோலோ, கடைசியில் மறுபடி மெட்டு) வாசித்தால், இடத்துக்காரர் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்க எதை வைத்துப் பார்ப்பார்? ஆள் எண்ணிக்கையைத்தான். முதல் பத்தியில் வந்த அந்தக் கேள்வி இங்கிருந்தும் பிறக்கிறது.

வேலை எப்படிக் கைமாறுகிறது என்பதும் தனிக்கதை. இசைக்காரர்கள் 'கிக்' என்று சொல்லும் ஒருநாள் கச்சேரிக்கு விளம்பரம் வராது, விண்ணப்பம் கிடையாது. வழக்கமாக வாசிப்பவருக்கு வர முடியாவிட்டால் அவர் தனக்குப் பதிலாக ஒருவரைச் சொல்வார். அந்தப் பதில் ஆளாகப் போவதுதான் முதல் படி. யாரைச் சொல்வது என்பது திறமையை மட்டும் பொறுத்ததில்லை: நேரத்துக்கு வருவாரா, சத்தத்தை அடக்கி வாசிப்பாரா, எல்லாவற்றுக்கும் மேலாக, என் இடத்தை அவரே பிடித்துக்கொண்டுவிடுவாரா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜாம் செஷன், அதாவது கலைஞர்கள் கூடி முன்னேற்பாடின்றிச் சேர்ந்து வாசிப்பது, பார்ப்பதற்குக் கொண்டாட்டம், உள்ளுக்குள் நேர்முகத் தேர்வு. நள்ளிரவு தாண்டியும் அங்கே நிற்க முடிந்தவர்களின் முகங்கள் பழகுகின்றன. வீட்டில் சிறு குழந்தை இருப்பவர், காலையில் வேறு வேலைக்குப் போக வேண்டியவர், அந்த நேரத்தில் தனியாகத் திரும்பத் தயங்கும் பெண் கலைஞர் ஆகியோரின் பெயர்கள் யார் போனிலும் ஏறுவதில்லை. ஒருவரை வேண்டுமென்றே ஒதுக்கத் தேவையே இல்லாமல் ஒதுக்கிவிடும் ஏற்பாடு இது.

இவ்வளவையும் தாண்டி வருபவருக்கு உள்ளூர்க்காரர் என்பதே ஒரு குறையாகிவிடுகிறது. உள்ளூர் மாடு உள்ளூர்ச் சந்தையில் விலைபோகாது என்பது இங்கே கணக்கு ரீதியாகவே பொருந்துகிறது. வெளியூர்க் கலைஞர் வருடத்துக்கு ஒரு நாள் வருகிறார், இன்று விட்டால் போச்சு. உள்ளூர்க்காரரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வாரமும் அதையே சொல்லலாம். ஒரே மாதத்தில் நான்கு இடங்களில் வாசித்தால் அவருடைய அறுபது ரசிகர்கள் நான்காகப் பிரிகிறார்கள். இதற்குப் பயந்தே சில இடங்கள், எங்களிடம் வாசிப்பதற்கு முன்னும் பின்னும் இத்தனை நாள் பக்கத்தில் எங்கும் வாசிக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகின்றன. சம்பளம் ஒரு இரவுக்கு, கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு.

முன்பு வெளியூர் நட்சத்திரத்தின் வருகையே உள்ளூர்க்காரருக்கு வேலையாக இருந்தது, அதைத்தான் இழப்பாக நினைக்கிறேன். லண்டனில் 1959இல் திறந்த ரானி ஸ்காட்ஸ் கிளப்புக்கு 1961 முதல் அமெரிக்க சாக்ஸபோன்காரர்கள் தனியாக வந்து வாரக்கணக்கில் வாசித்தார்கள். சங்கங்களின் கெடுபிடியும் பயணச் செலவும் முழுக் குழுவோடு வர விடவில்லை. எனவே அவர்களுக்குப் பின்னால் வாசித்தது கிளப்பின் சொந்தக் குழு. 1960களின் பெரும்பகுதி அந்தப் பியானோவில் உட்கார்ந்திருந்தவர் லண்டன்காரரான ஸ்டான் டிரேசி. கோபன்ஹேகனின் மோன்மார்த்தர் கிளப்பில் டென்மார்க்கின் நீல்ஸ்-ஹென்னிங் ஓர்ஸ்டட் பெடர்சன் பதின்வயதிலேயே அமெரிக்க சாக்ஸபோன்காரர் டெக்ஸ்டர் கோர்டன் போன்றவர்களுக்கு பாஸ் வாசித்தார். ஒரே ஏற்பாட்டில் மாதச் சம்பளம், குருகுலம், ஊரறிந்த பெயர் மூன்றும் கிடைத்தன. விமானப் பயணம் மலிந்து, சொந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போவது வழக்கமானதும் இந்தச் சொந்தக் குழு முறை பெரும்பாலான இடங்களில் மறைந்தது. இப்போது நட்சத்திரம் வரும் இரவில் உள்ளூர்க்காரர் மேடைக்கு எதிரே, டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்.

இசைத்தட்டு விற்று ஈடுகட்டலாம் என்ற பழைய நம்பிக்கையை ஸ்ட்ரீமிங் முடித்துவைத்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை.

கதவு திறக்கவில்லை என்றதும் தாங்களே கதவு வைத்தவர்களும் உண்டு. சிகாகோவில் 1965இல் கலைஞர்கள் கூடி ஏஏசிஎம் அமைப்பைத் தொடங்கி, தங்கள் கச்சேரிகளைத் தாங்களே நடத்தினார்கள். 1970களின் நியூயார்க்கில் சாக்ஸபோன்காரர் சாம் ரிவர்ஸும் அவர் மனைவி பீட்ரிஸும் தாங்கள் வசித்த பழைய தொழிற்கூட மாடியையே அரங்காக்கினார்கள். ஆம்ஸ்டர்டாமில் கலைஞர் சங்கம் 1974இல் தொடங்கிய பிம்ஹவுஸ், 2005இல் துறைமுகக் கரையில் பெரிய கட்டடத்துக்கு மாறி இன்றும் நடக்கிறது. ஏஏசிஎம் அமைப்பும் இன்றும் இருக்கிறது; ஆனால் நிலையான அரங்காக நீடித்தது ஆம்ஸ்டர்டாம்தான், அங்கே அரசின் மானியமும் சேர்ந்தது. பிரான்ஸ் வேறு வழியில் போனது. பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வாசித்ததாகக் கணக்குக் காட்டும் கலைஞருக்கு, கச்சேரி இல்லாத நாட்களுக்கு வேலையின்மை உதவித்தொகை உண்டு. அந்த 507ஐ எட்டுவதே அங்கே பலருக்கு வருடம் முழுக்க ஓடும் கவலை என்றாலும், இடைவெளி நாட்களையும் தொழிலின் பகுதியாக ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

மானியமோ சட்டமோ இல்லாத ஊரில் கைகொடுத்திருப்பது நிலையான ஒரு நாள். எந்த இடத்துக்காரருக்கும் வாரத்தில் ஒரு இரவு செத்த இரவாக இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, வாரம் தவறாமல், அதே ஆட்களோடு வாசிப்பது. இங்கே ஒத்திகையும் மேடையிலேயே நடந்துவிடுகிறது, பாஸ்காரருக்கும் அந்த நாள் யாருக்கு என்று தெரிந்துவிடுகிறது, 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்பவரும் என்றாவது ஒரு வாரம் வந்துவிடுகிறார். 1935இல் தொடங்கிய நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்புக்குச் செத்த இரவு திங்கட்கிழமை. 1966 பிப்ரவரியில் டிரம்பெட்காரர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ்காரர் மெல் லூயிஸும் தங்கள் பெரிய குழுவை அங்கே திங்கட்கிழமைகளில் வாசிக்க வைத்தார்கள். நூற்றி இருபது பேர் சுமாராக அடங்கும் நிலவறை, மேடையில் பதினாறு பதினேழு பேர். நான்கு பேருக்கே கட்டாத கணக்கு இவர்களுக்குக் கட்டவே கட்டாது. அவர்களில் பலர் பகலில் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் தொலைக்காட்சி நிலையங்களிலும் சம்பளத்துக்கு வாசித்துவிட்டு, எழுதியிருப்பதையே வாசித்த அலுப்பைத் தீர்க்க இரவில் அங்கே வந்தவர்கள். அந்தக் குழு பெயரும் தலைமுறையும் மாறி, அதே அறையில், அதே திங்கட்கிழமையில் இன்னும் வாசிக்கிறது.